பல்செட்டை வாங்கிப் போன மகன்

"உங்க அண்ணன் வாங்கிட்டுப் போயிட்டாரேங்க" என்று நர்ஸ் சொன்னபோது, அந்த அண்ணன் ஜோதியின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

நவநீதன் கையிலிருந்த இன்ஷூரன்ஸ் கார்டை நீட்டியபடியே திகைத்தான். "நான்தாங்க மகன். இதை எடுக்கத்தான் கைலாசபுரம் வரைக்கும் போயிட்டு வரேன். என்கிட்ட யாரும் எதுவும் குடுக்கலையே."

நர்ஸின் முகம் வெளுத்தது. காலையில் டூட்டி மாறி வந்தவள். அவளிடம் வந்த மகன் வேறு. முகத்தில் மாஸ்க், தோளில் பை, தணிந்த குரல். பிச்சமுத்துவின் பையன் என்றிருக்கிறான். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தொண்டையில் குழாய் இறக்குவதற்கு முன்னால் பெரியவர் வாயிலிருந்து கழற்றி வைத்த கீழ்ப் பல்செட்.

ஜோதி சுவரில் சாய்ந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அவள் அப்பா, ஒரு காலத்தில் தொழிற்சாலையில் இரும்பை இரும்போடு ஒட்டவைத்த மனுஷன், இப்போது மெஷின் ஊதும் மூச்சில் கிடந்தார்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் டாக்டர் ஆரிஃப் அவளைத் தனியாக அழைத்துப் பேசியிருந்தார்.

"நீங்களும் பல் டாக்டர். அதனால மறைக்காம சொல்றேன். ரெண்டு நுரையீரலும் அடைச்சிருக்கு. பல்செட்லேர்ந்து பூஞ்சை இறங்கியிருக்கலாம். இல்லன்னா நீங்க பூச்சுல கலந்த வெள்ளித்துகள் உள்ள போய் அழற்சியைக் கிளப்பியிருக்கலாம். துகள்னா ஸ்டீராய்டு போடணும். பூஞ்சையா இருந்து ஸ்டீராய்டு போட்டேன்னா, நானே அவரைக் கொன்ன மாதிரி."

"பூஞ்சைக்கான மருந்தையே முதல்ல ஆரம்பிச்சிடலாமே டாக்டர்?"

"சர்க்கரை அவர் கிட்னியைப் பாதி தின்னாச்சு. அந்த மருந்து மீதியைத் தின்னுடும். சும்மா சந்தேகத்துக்குப் போட முடியாது. சளியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் ரிசல்ட் வர நாளாகும். அவருக்கு அவ்வளவு நேரம் இல்ல. அந்தப் பல்செட்டைக் கொண்டு வாங்க. உங்க பூச்சு எந்த நிலையில இருக்குன்னு பார்த்தா ஒரு பக்கம் முடிவெடுக்கலாம்."

உங்க பூச்சு. அந்த வார்த்தை ஜோதியின் நெஞ்சில் முள்ளாக நின்றது.

பல்லில்லாத ஈறில் கெட்டியான பல்செட் உட்கார்ந்தால் புண்ணாகும். அதனால் உள்பக்கம் மெத்தை மாதிரி ஒரு மிருதுவான பூச்சு கொடுப்பார்கள். மெத்தை சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்தில் பூஞ்சையும் குடியேறிவிடும். பூச்சுக்குள் வெள்ளியின் நுண்துகளைக் கலந்து பூஞ்சையை அண்டவிடாமல் செய்ய முடியுமா, கலந்தாலும் மெத்தை மெத்தையாகவே இருக்குமா என்பதுதான் ஜோதியின் ஆராய்ச்சி. கல்லூரி அனுமதியோடு சிலருக்குப் பொருத்திப் பார்த்தார்கள். கடைசியாகச் சேர்ந்தவர் அப்பா. அவள்தான் வற்புறுத்திச் சேர்த்தாள். சொந்தக்காரருக்கு அவளே போடக் கூடாது என்பது விதி. ஆகவே அவளுடைய கைடு, பேராசிரியர் ஜெயக்குமார், தன் கையாலேயே அப்பாவுக்குப் பூச்சுப் போட்டுக் கொடுத்தார்.

"உன் படிப்புக்கு அப்பாதான் கிடைச்சாரா?" நவநீதன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "இப்ப அந்தப் பல்லும் இல்ல. எவனோ வந்து தூக்கிட்டுப் போயிட்டான். போ ஜோதி. என் கண்ணுல படாம எங்கேயாவது போ."

அவள் வராந்தாவின் கோடிக்குப் போய் போனை எடுத்தாள். அந்த நிலையில் அவள் நினைவுக்கு வந்தது ஒரே ஒரு பெயர்தான்.

*

ஆனந்தவள்ளி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பாத்திரக்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தார். அதைவிட முக்கியம், அவரும் ஜோதியின் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தார். அவர் வாயில் இருந்ததும் ஜோதி பூச்சுப் போட்ட பல்செட்தான்.

தாஹாவின் ஆட்டோவில் வந்து இறங்கினார். தாஹா அவருக்கு டிரைவர், எடுபிடி, உதவியாளர், சமயத்தில் தலைவலி.

"பர்ஸைத் திருடுறவனைப் பார்த்திருக்கேன், செருப்பைத் திருடுறவனைப் பார்த்திருக்கேன்" என்றான் தாஹா. "பல்லைத் திருடுறவன் இப்பத்தான்க்கா வந்திருக்கான். சிக்கினா ஒரு கும்பிடு போடணும்."

"வாயை மூடுடா." ஆனந்தவள்ளி நர்ஸின் பக்கம் திரும்பினார். "பயப்படாதீங்கம்மா. உங்களைக் குத்தம் சொல்ல வரல. அந்த ஆள் என்ன பேசினான்? அவன் வார்த்தையிலேயே சொல்லுங்க."

நர்ஸ் யோசித்தாள். "அதிகம் பேசலீங்க. நான் ஒரு டிஷ்யூல சுத்திக் குடுக்கப் போனேன். 'வேண்டாம் சிஸ்டர், காய்ஞ்சா ஷேப் போயிடும், தண்ணில போட்டுக் குடுங்க'ன்னார். நான் கேன் தண்ணியை ஒரு டப்பாவில பிடிச்சு, அதுல போட்டுக் குடுத்தேன்."

ஆனந்தவள்ளி நவநீதனைப் பார்த்தார். "தம்பி, உங்ககிட்ட குடுத்திருந்தா எப்படி வாங்கியிருப்பீங்க?"

"கர்ச்சீப்ல மடிச்சு பையில வெச்சிருப்பேன்."

"அப்பா அதைத் தண்ணில போட்டு வைப்பார்னு தெரியுமா?"

"அவர் கழட்டியே நாங்க யாரும் பார்த்ததில்லைங்க. பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் எல்லாம்."

"பெத்த பிள்ளைக்கே தெரியாதது வந்த பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் ஆனந்தவள்ளி. "அவன் பல் வேலை தெரிஞ்சவன். ஜோதி, அப்பாவை இங்க சேர்த்தது உங்க காலேஜ்ல யாருக்குத் தெரியும்?"

விடியற்காலை ஆம்புலன்ஸ் பின்னாலேயே வரும்போது, அழுதுகொண்டே ஜோதி கூப்பிட்டது ஒருவரைத்தான். அவளுக்கு ஆராய்ச்சியில் இடம் கொடுத்து, கட்டுரை திருத்தி, கல்லூரியில் யார் என்ன சொன்னாலும் அவள் பக்கம் நின்றவர்.

"ஜெயக்குமார் சார் அப்படிச் செய்யமாட்டாரும்மா" என்றாள்.

"நான் எந்தச் சாரையும் சொல்லலையே" என்றார் ஆனந்தவள்ளி. "வண்டியில ஏறு."

*

ஜெயக்குமாரின் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இரண்டாம் மாடி. அழைப்புமணி அடித்ததும் அவரே கதவைத் திறந்தார். ஜோதியைப் பார்த்ததும் ஓடவில்லை, ஒளியவில்லை. பெருமூச்சு விட்டார்.

"உள்ள வா. நீ வருவேன்னு தெரியும்."

"பல்செட் உங்ககிட்டயா சார் இருக்கு?"

"இருக்கு. உனக்காகத்தான் எடுத்துட்டு வந்தேன்." அலமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். "வெளிய போனா உன் பேரு போயிடும். போலீஸ், கேஸுன்னு அலையணும். சின்னப் பொண்ணு நீ. நான் பார்த்துக்கறேன்னு நினைச்சேன். தப்புதான். பாரு. நீயே பாரு."

தாஹா தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சமையலறைப் பக்கம் போனான். ஜோதி மூடியைத் திறந்தாள்.

கீழ்ப் பல்செட். உள்பக்கம் வழவழவென்று, புள்ளி பூசணம் ஏதும் இல்லாமல், தேநீர் நிறத்தில் பூச்சு. வெள்ளி கலந்தால் வரும் அதே பழுப்பு. அவள் எத்தனையோ பேருக்குப் போட்டுப் பார்த்த நிறம்.

பூஞ்சை இல்லை. வெள்ளி இருக்கிறது. அப்படியென்றால் அப்பாவின் மூச்சை அடைத்தது அவள் கலந்த துகள்தான்.

"போன் பண்ணு" என்றார் ஜெயக்குமார் மெதுவாக. "டாக்டர் காத்துக்கிட்டிருப்பார்ல. லேட் பண்ணாதே."

அவள் பண்ணினாள். ஆனந்தவள்ளி கை நீட்டித் தடுப்பதற்குள் டாக்டர் ஆரிஃப் எடுத்துவிட்டார்.

"டாக்டர், பல்செட் கிடைச்சிடுச்சு. பூஞ்சை இல்ல. என் பூச்சுதான் டாக்டர்... என் வெள்ளிதான்..."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

"சரி, ஸ்டீராய்டு ஆரம்பிக்கிறேன். நீங்க அதை எடுத்துக்கிட்டு வாங்க." போன் அடங்கியது.

ஜோதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தாஹா சமையலறையிலிருந்து வந்தான். "சார் வீட்ல டிக்காஷன் மணம் ஆளைத் தூக்குது. பித்தளை ஃபில்டர் கம்பீரமா உட்கார்ந்திருக்கு. ஆனா ஸிங்க்ல பார்த்தா ஒரு மலை டீத்தூள் கொட்டிக் கிடக்கு. இத்தனை பேருக்கு யாருக்கு சார் டீ போட்டீங்க? எங்களுக்கு ஒரு வாய் குடுக்கலையே."

ஜெயக்குமார் சிரிக்க முயன்றார். "விருந்தாளி வந்திருந்தாங்க."

ஆனந்தவள்ளி டப்பாவைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தண்ணீர் மங்கலான பழுப்பாக இருந்தது.

"ஜோதி. எழுந்திரு. இங்க பாரு. உன் பூச்சு தண்ணில சாயம் விடுமா?"

"விடாதும்மா. வெள்ளி உள்ளுக்குள்ளேயே கலந்து..." அவள் பாதியில் நிறுத்தினாள்.

"நர்ஸ் குடுத்தது கேன் தண்ணி. கண்ணாடியா இருந்திருக்கும். இது ஏன் இப்படி இருக்கு?"

"வாயில இருந்த அழுக்கு இறங்கியிருக்கும்" என்றார் ஜெயக்குமார்.

ஆனந்தவள்ளி வாய்க்குள் விரலை விட்டார். தன்னுடைய கீழ்ப் பல்செட்டைக் கழற்றினார். மேசையிலிருந்த கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டார். கன்னம் குழிந்து, வயது ஒரேயடியாகக் கூடியது அவருக்கு. அதைப்பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"பாழு... ழல்லா பாழு..." என்றார்.

"'பாரு, நல்லா பாரு'ங்கறாங்க" என்றான் தாஹா.

டம்ளரில் இருந்த பல்செட்டின் உள்பக்கமும் அதே பழுப்புதான். ஆனந்தவள்ளி அதைக் குலுக்கினார், கலக்கினார், விரலால் தேய்த்தார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பக்கத்தில் டப்பாத் தண்ணீரோ பழைய டீக்கடை அடித்தண்ணீர் மாதிரி நின்றது.

ஜோதி மேசையிலிருந்த பேப்பர் வெட்டும் பிளேடை எடுத்தாள். அப்பாவின் பல்செட்டைக் கையில் பிடித்து, பூச்சின் ஓரத்தை மெல்ல அறுத்தாள். மேல்தோல்தான் பழுப்பு. உள்ளே பச்சைக் குழந்தையின் உள்ளங்கை போல ரோஜா நிறம்.

வெள்ளி துளிகூட இல்லை.

"இது வெறும் பூச்சு" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "டீயில ஊறப் போட்டிருக்கீங்க. சார், அப்பாவுக்கு நீங்க போட்டது வெறும் பூச்சு. இதை எடுத்தப்போ எப்படி இருந்துச்சு? சொல்லுங்க சார். இதுமேல என்ன இருந்துச்சு?"

ஜெயக்குமார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன இருந்துச்சு!"

"படலம்" என்றார். "வெள்ளையும் கறுப்புமா. நான்தான் பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவினேன்."

பூஞ்சை.

ஜோதி போனை எடுத்தாள். மணி அடித்தது, அடித்தது, ஓய்ந்தது. மறுபடி. மறுபடி. ஆஸ்பத்திரி எண் பிஸி. அண்ணனை அழைத்தாள், அவள் பெயரைப் பார்த்துத் துண்டித்தான். மறுபடி அழைத்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

ஆனந்தவள்ளி பல்செட்டை மாட்டிக்கொண்டு ஜெயக்குமாரின் சட்டைத் தோளைப் பற்றினார். "நீங்களும் வாங்க. இதை நீங்களே டாக்டர்கிட்ட சொல்லணும்."

*

மாம்பழச்சாலை வரைக்கும் தாஹா ஆட்டோவைப் பறக்க விட்டான். பின்சீட்டில் நடுவில் ஜெயக்குமார். ஜோதி டப்பாவை மடியில் அணைத்தபடி விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் சார்?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள்.

"துகள் தீர்ந்துபோச்சும்மா" என்றார் அவர். "பூச்சை நாங்க தயாரிக்கறோம்னு கம்பெனிக்காரன் வந்தப்போ காட்ட சாம்பிள் நிறையப் பண்ணினேன். மிச்சமில்ல. புதுசு வர தாமதம். உங்கப்பா ஒருத்தருக்குப் போட்டா ஆராய்ச்சி முடிஞ்சுது. ஒரு ஆள்தானேன்னு... தினம் கழுவி வெச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. ஆயிடுச்சுன்னு நீ காலையில அழுதப்போ எனக்குக் கை கால் ஓடல."

"பூச்சுல வெள்ளி இல்லன்னா தப்பு உங்களது. இருக்குன்னா தப்பு அவளது. அதானே கணக்கு?" என்றார் ஆனந்தவள்ளி. "டாக்டருக்குப் போன் பண்ணச் சொன்னீங்களே, அப்பவும் கை நடுங்கலையா?"

ஜெயக்குமார் முகத்தை மூடிக்கொண்டார். தாஹா கண்ணாடியில் ஒருமுறை அவரைப் பார்த்தான்.

காவிரிப் பாலத்தில் ஏறியதும் வண்டி நின்றது. முன்னால் ஒரு டவுன் பஸ் பழுதாகிக் குறுக்கே கிடந்தது. பின்னாலும் லாரி வந்து அடைத்துவிட்டது. ஹாரன் சத்தத்தில் ஆறே கொதிப்பது போலிருந்தது.

"இறங்கி ஓடும்மா" என்றான் தாஹா. "அந்தக் கோடியில எந்த ஆட்டோவா இருந்தாலும் தாஹா பேரைச் சொல்லு."

ஜோதி ஓடினாள். பஸ்ஸுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே நுழைந்து, ஸ்கூட்டர்களை இடித்துக்கொண்டு, ஒரு செருப்பு கழன்று விழ, அதை விட்டுவிட்டு ஓடினாள். வெயிலில் காய்ந்த சிமெண்ட் பாதத்தைச் சுட்டது. டப்பாவிலிருந்து தண்ணீர் தளும்பிச் சுடிதாரெல்லாம் பழுப்புக் கறை. காதில் போன். எடுங்க டாக்டர். எடுங்க. அப்பா, நான்தான் சொன்னேன், நானே என் வாயால் போடச் சொன்னேன்.

பாலத்தின் நடுவில் போன் எடுக்கப்பட்டது.

"டாக்டர், ஸ்டீராய்டு வேண்டாம்! பூஞ்சை! பூஞ்சைதான்! பூச்சுல வெள்ளியே இல்ல. போட்டவரே ஒத்துக்கிட்டார். படலம் படிஞ்சிருந்ததைத் தேய்ச்சுக் கழுவிட்டாராம்!"

டாக்டரின் குரல் தணிந்தது.

"ஜோதி, முதல் ஊசி போட்டாச்சு."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே மணல் திட்டுகளுக்கு நடுவே தண்ணீர் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. குதித்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்து, வந்த வேகத்தில் அவளையே பயமுறுத்தியது.

"கேக்குதா? ஒரு ஊசிதான். அடுத்ததை நிறுத்திட்டேன். பூஞ்சை மருந்தை இப்பவே ஏத்தறேன். கிட்னி என்ன சொல்லுதோ பார்ப்போம். நீங்க அங்க நிக்காதீங்க. வாங்க."

அவள் மறுபடி ஓடத் தொடங்கினாள்.

*

அடுத்த சில நாட்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாமல் போயின. கிட்னி அடம் பிடித்தது, டயாலிசிஸ் செய்தார்கள். ஜுரம் இறங்குவதுபோல் இறங்கி மறுபடி ஏறியது. கல்ச்சர் ரிசல்ட் பூஞ்சை என்று வந்தது. ஜெயக்குமாரை ஆனந்தவள்ளி பாலத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து கல்லூரி முதல்வர் அறைக்கும் கூட்டிப்போய், மூன்றாவதாகப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தார். கல்லூரி அவரை நீக்கியது. கூடவே ஆராய்ச்சியையும் நிறுத்தியது. ஒரு ஆளின் பூச்சு பொய் என்றால் மற்றவர்களுடையது மெய் என்று எப்படி நம்புவது என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஜோதியின் இத்தனை வருட வேலையும் குப்பைக்குப் போனது.

நவநீதன் அவளோடு பேசவில்லை. வராந்தாவில் நீள பெஞ்சின் நடுவில் கால்களை அகட்டி உட்கார்ந்திருப்பான். அவள் எதிர்ச் சுவரோரம் நிற்பாள்.

ஒரு காலை டாக்டர் ஆரிஃப் வெளியே வந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். "குழாயை எடுத்தாச்சு. தானா மூச்சு விடறார். பலவீனமா இருக்கார், ஆனா தப்பிச்சுட்டார்."

நவநீதன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

டாக்டர் ஜோதியிடம் வந்தார். "ஒண்ணு கேக்கறேன். உங்க வெள்ளிப் பூச்சையே போட்டிருந்தா, அவருக்கு இது வந்திருக்காதில்ல?"

நவநீதன் துண்டை விலக்கி நிமிர்ந்தான். அவளையே பார்த்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவள் மேலிருந்த பழி அத்தனையும் இறங்கி ஜெயக்குமார் தலையில் முழுதாக உட்கார்ந்துகொள்ளும்.

ஜோதி மறுப்பாகத் தலையை அசைத்தாள். "தெரியாது டாக்டர். வராதுன்னு நம்பித்தான் ஆரம்பிச்சேன். ஆனா அதை நான் இன்னும் நிரூபிக்கல. மறுபடி முதல்லேர்ந்து செஞ்சு பார்த்தாத்தான் தெரியும்."

டாக்டர் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நவநீதன் கால்களை ஒடுக்கி, பெஞ்சின் ஒரு கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தான். பக்கத்தில் கிடந்த பையை எடுத்துத் தரையில் வைத்தான்.

"எவ்வளவு நேரம் நிப்பே?" என்றான். "உக்காரு."